மொட்டை மாடிக் கம்பிக்கு உறுதி எங்கே?



மாசி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் நமக்கு மொட்டை மாடி ஞாபகம் வந்துவிடும். வடாம் பிழிய வேண்டும், மிளகாய் காய வைக்க வேண்டும், மெத்தை தலையணைக்கு வெயில் காட்ட வேண்டும். நாம் மாடி ஏறினால் குழந்தை கீழே இருக்குமா? இடுப்பில் இருப்பது இடுப்போடு வரும். நடக்கத் தெரிந்தது முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும். வடாம் பிழிகிற கை நிற்காது. கண் மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தரம் குழந்தை பக்கம் போய்விட்டு வரும். அந்த ஒரு நிமிஷம்தான் பயம்.

பழைய வீடுகள் பலவற்றில் கைப்பிடிச் சுவர் இரண்டடி உயரம்தான். மாடியின் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்கு, அதாவது சுமார் மூன்றேகால் அடிக்கு, குறையக் கூடாது என்று நம் தேசியக் கட்டிட விதித் தொகுப்பு சொல்கிறது. ஆகவே, 'சுவரை உயர்த்துவதா, இரும்புக் கம்பி போடுவதா?' என்ற கேள்வி குழந்தை உள்ள வீடுகளில் எல்லாம் எழுகிறது. பெரும்பாலும் கம்பியே ஜெயிக்கிறது. காற்று வரும், செலவு குறைவு, இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும்.

வீடு கட்டும்போதே கம்பி வைப்பதாக இருந்தால் கவலை இல்லை. கான்க்ரீட் ஈரமாக இருக்கும்போதே காலைப் புதைத்து விடுவார்கள். நம் பிரச்னை வேறு. கான்க்ரீட் இறுகிப் பல வருஷம் ஆன பிறகு அதன் மேல் புதிதாகக் கால் நிறுத்த வேண்டும். இதற்கு வெல்டிங் கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான்: காலின் அடியில் ஒரு சதுரத் தகட்டைப் பற்றவைத்து, தகட்டின் நாலு மூலையிலும் துளை போட்டு, நாலு போல்ட்டைத் தளத்தில் முடுக்கி விடுவார்கள். பெயின்ட் அடித்துவிட்டால் பார்க்க ஜம்மென்று இருக்கும்.

"நாலு போல்ட் போட்டிருக்கேம்மா. யானை வந்து முட்டினாலும் அசையாது!"

அசையுமா, அசையாதா என்பது போல்ட்டை மட்டும் பொறுத்ததா என்ன? போல்ட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். கம்பி போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாடியில் உட்கார்ந்து கொத்தமல்லி விதை புடைத்துக் கொண்டிருந்த பெரியம்மா, எழுந்திருப்பதற்காகக் கம்பியைப் பிடித்தார். கம்பி கையோடு சாய்ந்துவிட்டது. நல்ல வேளை, உட்பக்கமாகச் சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. நான் போய்ப் பார்த்தபோது நாலு போல்ட்டும் புத்தம் புதுசாக, வளையாமல், உடையாமல் தகட்டோடு தொங்கிக் கொண்டிருந்தன. நுனியில் செங்கல் பொடியும் சுண்ணாம்பும் ஒட்டிக் கொண்டிருந்தன, அவ்வளவுதான். அந்த வீட்டு மருமகள், "அக்கா, இந்தக் கம்பியை நம்பித்தானே குழந்தையை இங்கே விளையாட விட்டேன்!" என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்பியே இல்லாவிட்டால் நாம் ஜாக்கிரதையாக இருப்போம். இருக்கிறது என்று நம்பிச் சாய்கிறோமே, அங்கேதான் ஆபத்து.

தலையில் தள்ளினால் அடியில் பத்து மடங்கு

பெரிய கல்லைப் புரட்ட வேண்டுமானால் நீளமான கடப்பாரையால் நெம்புவார்கள். கை கொடுப்பது கொஞ்சம் பலம். நுனியில் கல் புரள்கிறது. தளத்தில் நிற்கிற கம்பிக் காலும் ஒரு கடப்பாரைதான். நாற்பது அங்குல உயரமுள்ள காலின் உச்சியில் ஒருவர் சாய்ந்து 30 கிலோ பலத்தில் தள்ளுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அடியில் போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே நாலு அங்குலம்தான். நாற்பதை நாலால் வகுத்தால் பத்து. ஆகவே ஒரு பக்கத்து போல்ட்டுகளைத் தளத்திலிருந்து பிடுங்கப் பார்க்கும் இழுப்பு கிட்டத்தட்ட 300 கிலோ! குழந்தை பிடித்து உலுக்குவதும், பெரியவர்கள் சாய்ந்து தெருவை வேடிக்கை பார்ப்பதும் தினம் நடக்கிற காரியம். தினம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நெம்பல் வேலை செய்து கொண்டே இருக்கும்.

மாடித் தளத்தில் ஏன் கூடாது?

நம் ஊர் மொட்டை மாடியின் மேல்பரப்பைப் பார்த்து 'கான்க்ரீட்தானே' என்று நினைக்கிறோம். பல வீடுகளில் அது கான்க்ரீட் அல்ல. மேலே தட்டோடு. அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த மூன்று அங்குல அடுக்கு; இது வெயிலும் மழையும் வீட்டுக்குள் இறங்காமல் காப்பதற்கு. அதற்கும் கீழேதான் நிஜமான கான்க்ரீட். மூன்று அங்குல போல்ட் போட்டால் அது ஜல்லி அடுக்கோடு நின்றுவிடும். மேலே சொன்ன பெரியம்மா வீட்டில் நடந்தது இதுதான்.

'அப்படியானால் நீள போல்ட் போட்டுக் கான்க்ரீட் வரை இறக்கி விட்டால்?' என்பீர்கள். அதிலும் இரண்டு தொல்லை. ஒன்று, தண்ணீர் இறங்காமல் காக்கிற அடுக்கை ஒவ்வொரு காலுக்கும் நாலு இடத்தில் ஓட்டை போடுகிறோம். ஐப்பசி மழையில் அந்த வழியாக ஈரம் இறங்கிக் கூரைக்குள் இருக்கும் கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்கும். கீழே படுக்கையறைக் கூரையில் பூச்சு உப்பிக் கொட்டும். இரண்டாவது, சாதாரண வீடுகளில் கூரைக் கான்க்ரீட்டின் கனமே நாலரை, ஐந்து அங்குலம்தான். ஃபேனுக்கும் விளக்குக்கும் போகிற மின்சாரக் குழாய்கள் அதற்குள்ளேதான் ஓடுகின்றன. டிரில்லிங் மெஷின் எங்கே போய் இடிக்கும் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது.

தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடானால் தளத்தில் துளை போடும் பேச்சே வேண்டாம்.

சுவரின் உட்பக்கமே நல்லது

தளம் கூடாது என்றால் மிச்சம் இருப்பது கைப்பிடிச் சுவர். அதன் தலையில் நிறுத்தலாமா? சுவர் தலையில் கான்க்ரீட் பட்டை இருக்கிறதா, வெறும் சிமெண்ட் பூச்சு பூசிய செங்கலா என்று முதலில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் சின்னத் துளை போடச் சொல்லுங்கள். வெளியே வரும் பொடி சாம்பல் நிறமாகவே கடைசி வரை வந்தால் கான்க்ரீட். அரை அங்குலம் போனதும் சிவப்பாக வந்தால் செங்கல். நட்டை முடுக்க முடுக்க அடியில் விரிந்து, துளையின் சுவரை நெருக்கிப் பிடிக்கிற ஆங்கர் போல்ட், செங்கலில் நிலைக்காது. நெருக்க நெருக்கச் செங்கல்தான் நொறுங்கும். கான்க்ரீட்டே ஆனாலும் ஒன்பது அங்குலச் சுவரில் ஆறு அங்குலத் தகடு வைத்தால் போல்ட் ஓரத்துக்கு வந்துவிடும். ஓரத்தில் முடுக்கினால் கான்க்ரீட் சில்லாகப் பெயர்ந்து விழும், அதுவும் தெருப் பக்கமாக!

ஆகவே நான் சிபாரிசு செய்வது சுவரின் உட்பக்க முகம். கால், தளத்திலிருந்து நாலு அங்குலம் மேலே ஆரம்பித்து, சுவரின் உட்பக்கத்தை ஒட்டி நின்று, சுவருக்கு மேல் இரண்டடி உயர வேண்டும். அதைச் சுவரோடு இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும்: சுவரின் தலைக்குச் சற்றுக் கீழே ஒன்று, காலின் அடியில் ஒன்று. செங்கல் சுவரானால் போல்ட்டைச் சுவரின் குறுக்கே முழுவதும் துளைத்து, வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத் தகடு கொடுத்து நட் போட வேண்டும். அப்போது செங்கல் பொடிந்து போல்ட் உருவி வர வழியில்லை. தகடு சுவரையே அணைத்துக் கொள்ளும். துளை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வராது.

இப்போது நம் கடப்பாரைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உச்சியில் அதே 30 கிலோ வெளிப்புறமாகத் தள்ளினால் கால் சுவரின் தலையில் முட்டிக் கொள்கிறது. அங்கிருந்து உச்சி 24 அங்குலம். அடி போல்ட் 20 அங்குலம். ஆகவே அடி போல்ட்டில் விழும் இழுப்பு 36 கிலோதான். 300 எங்கே, 36 எங்கே!

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அம்மாக்களுக்கு அதுவே பெரிது. சுவரின் தலையில் நடுவே கம்பி நிறுத்தினால் உட்பக்கம் மூன்று நாலு அங்குல விளிம்பு மிஞ்சும். இரண்டு வயசுக் குழந்தை அதில் ஏறி நின்றுவிடும். அது ஏறி நின்ற பிறகு கம்பியின் உயரம் அதன் மார்பு அளவுக்குக்கூட இராது. உட்பக்கத்தில் கம்பி நின்றால் சுவரின் விளிம்பு கம்பிக்கு அப்பால் போய்விடும். கால் வைக்க இடமே இருக்காது.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் ஒன்பது அங்குலச் சுவருக்குத்தான். சுவர் நாலரை அங்குலமாக இருந்தாலோ, ஹாலோ பிளாக் கல்லில் கட்டியிருந்தாலோ, அடியில் நீளமான விரிசல் ஓடினாலோ கம்பியைத் தாங்கும் சக்தி சுவருக்கே இல்லை. ஒரு கட்டிட இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கீழ்த்தளத்தில் என்றால்?

கிணற்றடிக் கான்க்ரீட்டிலோ, கார் நிறுத்தும் இடத்திலோ தடுப்பு வேண்டுமானால் அடித்தகடு வைத்து போல்ட் போடலாம். கீழே மழை ஒழுகக் கூரை இல்லை. ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, கனம். மணல் மேல் இரண்டு அங்குலம் பூசிய தரையில் போல்ட் பிடிக்காது. அங்கே தரையை உடைத்து இரண்டடி பள்ளம் தோண்டிக் காலைக் கான்க்ரீட்டில் புதைப்பதே மேல். நாலு அங்குலமாவது கெட்டியான கான்க்ரீட் இருந்தால், 12 மில்லிமீட்டர் போல்ட் கான்க்ரீட்டுக்குள் மூன்று அங்குலம் இறங்கட்டும். மேலே உள்ள பூச்சும் டைல்ஸும் இந்தக் கணக்கில் சேராது.

இரண்டாவது, ஓரம். தளத்தின் விளிம்பிலிருந்து, போல்ட்டின் பருமனைப் போல் பத்து மடங்கு உள்ளே தள்ளித் துளை போடச் சொல்லுங்கள். 12 மில்லிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஐந்து அங்குலம். அவ்வளவு இடம் இல்லையென்றால் பசை போல் ஊற்றி ஒட்ட வைக்கும் கெமிக்கல் ஆங்கர் கேளுங்கள். அது துளையை நெருக்காது. ட்யூபின் மேல் காலாவதித் தேதி போட்டிருக்கும். பார்த்து வாங்க வேண்டும். எத்தனை நேரம் தொடாமல் விட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். அந்த நேரம் ஆகும் முன் நட்டை முடுக்கக் கூடாது.

மூன்றாவது, தூசி. துளை போட்டதும் உள்ளே மாவு போல் பொடி தங்கிவிடும். கோலமாவு தூவிய தரையில் ஸ்டிக்கர் ஒட்டுமா? அதே கதைதான். பசை பொடியைப் பிடித்துக் கொள்ளும், கான்க்ரீட்டைப் பிடிக்காது. சைக்கிள் பம்பால் ஊதி, பால் புட்டி நிப்பிள் கழுவுகிற மாதிரிச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் பொடி வருவது நின்றுவிடும். இதற்கு ஒரு துளைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவசரத்தில் விட்டுவிடுகிற வேலையும் இதுதான்.

கம்பிகளுக்கு இடையே

கம்பிகள் நெட்டுக்குத்தாக இருக்கட்டும். குறுக்குக் கம்பி அடியில் ஒன்று, உச்சியில் ஒன்று போதும். நடுவே குறுக்குக் கம்பிகளும் பூ வேலைப்பாடும் வைத்தால் குழந்தைக்கு அது ஏணி. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி நாலு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கட்டிட விதிகள் இந்த அளவைத்தான் சொல்கின்றன. அதற்கு மேல் போனால் உடம்பு நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. உச்சியில் ஈட்டி முனை வேண்டவே வேண்டாம். காலுக்கும் காலுக்கும் ஐந்தடிக்கு மேல் தள்ளாதீர்கள்.

மழையும் துருவும்

இரும்பு முதலில் அரிப்பது அடியில்தான். தண்ணீர் தேங்குவதும் அங்கே, நம் கண் போகாததும் அங்கே. குழாய்க் கால்களானால் தலையை மூடிப் பற்றவைத்து, அடியில் சின்னத் துளை விடச் சொல்லுங்கள். உள்ளே சேரும் ஈரம் வடிந்துவிடும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாய் நல்லது. ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்து போயிருக்கும். அங்கே துத்தநாக பெயின்ட் தொட்டு வைக்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போல உப்புக் காற்று அடிக்கிற ஊர்க்காரர்கள் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கொடி கட்டாதீர்கள்!

புதுக் கம்பி வந்ததும் நம் கை சும்மா இருக்காது. உடனே ஒரு கொடிக் கயிற்றை எடுத்துக் கட்டிவிடுவோம். இருபதடிக் கொடி, நடுவில் ஒரு அடி தொய்வு. அதன் நடுவே பத்துக் கிலோ ஈரப் போர்வை தொங்கினால் கயிறு காலைப் பக்கவாட்டில் இழுக்கும் பலம் 50 கிலோ! கயிறு விறைப்பாக இருக்க இருக்க இழுப்பு இன்னும் கூடும். கொடிக்குத் தனிக் கால் வையுங்கள். குழந்தையைக் காக்கிற கால் வேறு எதையும் சுமக்க வேண்டாம்.

கம்பிக்குப் பக்கத்தில் பூந்தொட்டி, உடைந்த நாற்காலி, கவிழ்த்த வாளி எதுவும் இருக்கக் கூடாது. குழந்தைக்கு ஒவ்வொன்றும் ஒரு படி.

நீங்களே கேளுங்கள்

வேலைக்காரர் பகலில் வருகிறார். அப்போது வீட்டில் இருப்பது நாம்தான். ஏதாவது கேட்டால், "ஐயா வரட்டும்மா, அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்பார். ஐயா வரும்போது பெயின்ட் அடித்து முடித்திருப்பார்கள்! ஆகவே தயங்காமல் நீங்களே கேளுங்கள்:

போல்ட் எதில் போய்ப் பிடிக்கிறது? கான்க்ரீட்டிலா, செங்கலிலா, பூச்சிலா?

துளையிலிருந்து என்ன நிறப் பொடி வருகிறது? எனக்குக் காட்டுங்கள்.

ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம்?

துளையை ஊதிச் சுத்தம் செய்தாயிற்றா?

இந்த நாலு கேள்விக்கும் நல்ல தொழிலாளி சந்தோஷமாகப் பதில் சொல்வார். முகம் சுளிப்பவரிடம் உங்கள் வீட்டு மாடியை ஒப்படைக்க வேண்டாம். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடமும், அடுக்கு மாடியானால் சங்கத்திலும் முன்னதாகச் சொல்லி அனுமதி வாங்கிக் கொள்ளுங்கள்.

வேலை முடிந்த பிறகு வருஷம் இரண்டு தரம், மழைக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு காலையும் சோதியுங்கள். உட்பக்கம் நன்றாகத் தள்ளி நின்று, கம்பியை உங்களை நோக்கி இழுத்துப் பாருங்கள். வெளிப்புறம் சாய்ந்து மட்டும் சோதிக்கவே சோதிக்காதீர்கள். லேசான ஆட்டம், போல்ட்டைச் சுற்றி மயிரிழை விரிசல், பழுப்பு நிறத்தில் வழிந்த துருக்கறை, இதில் எது தெரிந்தாலும் சரி செய்யும் வரை குழந்தைகளை மாடிக்கு அனுப்பாதீர்கள்.

மாடிக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டு வையுங்கள். எத்தனை உறுதியான கம்பி இருந்தாலும் நம் கண்ணுக்கு ஈடாகாது. ஆனால் நம் கண் வடாம் பக்கம் திரும்புகிற அந்த ஒரு நிமிஷத்தைக் கம்பிதான் தாங்க வேண்டும். இன்றைக்கு மாடிக்குப் போனால் குனிந்து அதன் அடியைப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.